ஊறுகாய் பாட்டிலுக்குள் மின்சாரம்

காலடி பார்த்து வாருங்கள். வாசலில் கிடக்கிற சகதியில் ஏற்கெனவே ஒரு செருப்பு அறுந்துவிட்டது. சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தின் பின்வாசல் இது. நாளை காலை அறிவியல் கண்காட்சி. நாளைக்கு வருகிறவர்கள் வெள்ளைத் துணி விரித்த மேசையையும், துடைத்து நிறுத்திய பாட்டில்களையும், இஸ்திரி போட்ட சீருடையில் விறைத்து நிற்கிற பிள்ளைகளையும்தான் பார்ப்பார்கள். நாம் ஒரு நாள் முந்திக்கொண்டோம்! உள்ளே நடக்கிற அமளி முழுக்க நமக்குத்தான்.

முதலில் மூக்கில் ஏறுவது வாசனை. குளத்துச் சேறு, ஃபெவிகால், சாணி, யாரோ பிரித்து வைத்த காராச்சேவு எல்லாம் கலந்து அடிக்கிறது. தரையெங்கும் தெர்மோகோல் குருணை. ஃபேனைப் போட்டால் அது பறக்கிறது. நிறுத்தினால் சார்ட் எழுதுகிற பிள்ளையின் நெற்றி வியர்வை எழுத்தின் மேல் சொட்டுகிறது. “ஃபேனப் போடுலே!” “ஃபேன நிறுத்துட்டி!” என்று இரண்டு கட்சி. சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஏழாம் வகுப்புப் பொடியனை நிறுத்தியிருக்கிறார்கள். யார் கத்தினாலும் போடுவதும் நிறுத்துவதும்தான் அவன் வேலை. அதை அவன் எவ்வளவு பொறுப்பாகச் செய்கிறான் என்று பாருங்கள்.

மேசையில் இருப்பவை ஊறுகாய் பாட்டில்கள். அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் கறுப்புச் சகதி, மேலே கலங்கல் தண்ணீர். சகதிக்குள் ஒரு கரிக்கம்பி, தண்ணீரில் ஒரு கரிக்கம்பி, இரண்டையும் இணைக்கிற ஒயர். அவ்வளவுதான் கருவி! இந்த பாட்டில்கள் மின்சாரம் தருகின்றன. அந்த மின்சாரத்தை வைத்து மீத்தேன் வாயுவை அளக்கலாம் என்று காட்டப்போகிறார்கள் இந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். கேட்டதுமே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சகதி எடுக்கவே மத்தியானம் இவர்களோடு போய்விட்டேன். புளியங்குடி ரோட்டில் ஊரைத் தாண்டி ஒரு குளம். அதன் பாசனத்தில் பிசான நடவு முடிந்து, பயிர் வேர்பிடித்துப் பச்சை கட்டி நிற்கிறது. மேற்கே மலை. வேலைக்கு வந்தது வாய்க்கால் மூலையில் தண்ணீர் தேங்கி, இலைதழை அழுகிக் கிடந்த ஓர் இடம். டீச்சர் சேலையைச் சொருகிக்கொண்டு வரப்பில் நின்றார். இரண்டு பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். ஒருவன் கையில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த பாட்டில், அதன் வாயில் தலைகீழாகச் செருகிய புனல். இன்னொருவன் கையில் கம்பு. “குத்துலே!” என்றார் டீச்சர். கம்பு சகதிக்குள் இறங்கியதும் குபுகுபுவென்று குமிழி கிளம்பியது! புனலுக்குள் ஏறி, பாட்டிலுக்குள் போய், தண்ணீரைக் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. “வருது டீச்சர், வருது!” என்று கத்தியவன் அடுத்த நொடியே “டீச்சர், நண்டு!” என்று ஒரு காலைத் தூக்கிவிட்டான். ஆனால் புனலை விடவில்லை. அதற்கே அவனுக்கு ஒரு பரிசு கொடுக்கலாம்.

பாதி பாட்டில் நிறைந்ததும் கரையேற்றினார்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துவிட்டு, டீச்சர் கறுப்புக் குடையை விரித்து வெயிலை மறைத்தார். பாட்டிலை நிமிர்த்தி, வாயருகே தீக்குச்சியைக் காட்டினார். பூப் என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு நாக்கு, நொடியில் அணைந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் வயலில் மேய்ந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. நானும் சேர்ந்துதான் கத்தினேன்.

இதே வேலையை 1776 நவம்பரில் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் ஒருவர் செய்தார். அவரும் கம்பால் சேற்றைக் குத்தினார், குமிழியை பாட்டிலில் பிடித்தார், கொளுத்திப் பார்த்தார். மீத்தேனை உலகுக்குக் காட்டிய அந்த மனிதர் அலெஸாண்ட்ரோ வோல்டா. 1800-இல் முதல் மின்கலத்தைச் செய்தவரும் அவரேதான்! வோல்ட் என்று நாம் தினமும் சொல்வது அவர் பெயரைத்தான். சேற்று வாயுவும் மின்கலமும் ஒரே ஆளின் கையில் பிறந்தவை. இரண்டையும் ஒரே ஊறுகாய் பாட்டிலில் சேர்க்கப்போகிற இந்தப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது, கம்பு பிடித்தவன் தன் கம்பைப் புது மரியாதையோடு பார்த்தான்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் சகதி வாளி நடுவில், நாங்கள் சுற்றி. எதிரே இருந்த பாட்டி எட்டிப் பார்த்து, “எந்தக் கோயிலு மண்ணு தாயி இது?” என்று கேட்டுவிட்டார். கேட்கத்தானே செய்வார்! சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். ஆடித்தபசுக்கு வருகிற கூட்டம் அதை நெற்றியில் இட்டு, பொட்டலமாக மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகும். மண்ணைக் கைநீட்டி வாங்கிப் பழகிய ஊர். “கோயில் மண்ணு இல்ல பாட்டி, வாய்க்கா மண்ணு. இதுல கரண்டு எடுக்கப் போறோம்” என்றாள் ஒருத்தி. பாட்டி ஆட்டோவில் ஓர் அடி தள்ளி உட்கார்ந்தார். ஷாக் அடிக்குமாம்.

சரி, ஆய்வகத்துக்குள் வருவோம். ஓர் ஓரத்தில் பட்டறையே நடக்கிறது. செத்துப்போன டார்ச் செல்களை உடைத்து, நடுவிலிருக்கும் கரிக்கம்பியை உருவி, கழுவித் தேய்த்துக் காய வைத்திருக்கிறார்கள். அதன் தலையில் செம்புக் கம்பியைச் சுற்றி, மேலே எம்-சீல் பூசுகிறாள் ஒருத்தி. நாக்கை ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசுகிறாள். ஊசிமுனை இடம்கூடத் திறந்திருக்கக் கூடாது. “செம்பு சகதில பட்டுச்சுன்னா அதுவே அரிச்சு கரண்டு காட்டும். அது உலோகம் சொல்லுத பொய்யி. நமக்கு உயிரு சொல்லுத நெசம் வேணும்” என்கிறார் டீச்சர். பூசி முடித்த ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை முகம் வாடியது. ஆனால் மறுபேச்சில்லாமல் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

இன்றைக்குப் போட்ட பாட்டில் நாளைக்குப் பேசாது. சகதியில் இருக்கும் நுண்ணுயிர்கள் கரிக்கம்பியைக் கண்டுபிடித்து, அதில் ஒட்டி, பெருகிப் படலமாகப் படிய வாரக்கணக்கில் ஆகும். அதனால் அரையாண்டு லீவுக்கு முன்பே பிள்ளைகள் வைத்த பாட்டில்கள்தான் நாளைக்கு மேடையேறுகின்றன. லீவில் யார் தண்ணீர் ஊற்றியது? வாட்ச்மேன் அண்ணாச்சி! “செடிக்கு ஊத்துத மாதிரி இதுக்கும் ஊத்துங்கன்னு டீச்சரு சொன்னாங்க. ஊத்துனேன். முளைக்கத்தான் இல்ல” என்று சிரிக்கிறார்.

மல்டிமீட்டர் ஒரே ஒருவன் கையில்தான். வேறு யாரையும் தொடவிட மாட்டான். ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று நிறக்கோடுகளை விரலால் தொட்டுச் சொல்லி, “ஆயிரம் ஓம்” என்று எனக்குப் பாடம் நடத்தினான். முள்ளை வைத்தான். திரையில் எண் ஆடியது: 34, 37, 35... 35-இல் நின்றது. மில்லிவோல்ட். ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் முப்பத்தைந்து பங்கு. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குளத்துச் சகதிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. அதன் கணக்கு இந்தத் திரையில் ஓடுகிறது!

“இத வச்சு லைட்டு எரியுமா?” என்று கேட்டேன். அறை முழுக்கச் சிரிப்பு. எல்.இ.டி. பல்பு எரியவைத்தே தீருவேன் என்று ஒருவன் முதல் வாரம் முழுக்க அடம் பிடித்தானாம். டீச்சர் அவனைக் கூப்பிட்டு, பல்பு எரிந்தால் பல்பு எரிகிறது என்பதுதான் தெரியும், எண் ஏறி இறங்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும் என்றாராம். இப்போது அவன்தான் சட்டைப்பையில் பல்போடு எண் குறிக்கும் நோட்டைப் பராமரிக்கிறான். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. விளக்கேற்ற உதவாத அளவு சின்னதான மின்சாரம்தான் இங்கே கதாநாயகன். அது சேதி சொல்கிறது.

என்ன சேதி? அதைச் சொல்ல ஒரு பேச்சாளர் தயாராகிறார். ரெட்டைச் சடை, கையில் குச்சி, சார்ட்டின் முன்னால் ஒத்திகை. நடுவராக உட்கார்ந்திருப்பவன் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். பவர் கண்ணாடி, அவனுக்கு எதுவும் தெரியவில்லை, ஆனாலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறான். “மீத்தேனுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது” என்று ஆரம்பிக்கிறாள். சகதியில் அடிக்கிற நாற்றம் வேறு வாயுவினுடையது என்று உடனே சேர்த்துக்கொள்கிறாள், யாராவது மடக்கிவிடக் கூடாதே. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு இரண்டு பங்குகூட மீத்தேன் இல்லை. ஆனாலும் தொழிற்புரட்சிக்கு முன்னால் இருந்ததைவிட இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. எடைக்கு எடை பார்த்தால், நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். தண்ணீர் கட்டிய வயல், மாட்டு வயிறு, குப்பைமேடு, சதுப்பு நிலம் என்று அது கிளம்புகிற இடங்கள் எல்லாம் படமாக இருக்கின்றன. மாட்டுக்கு ஐந்து கால் போட்டுவிட்டதை இப்போதுதான் கண்டுபிடித்து, ஒயிட்னரால் ஒரு காலை அழிக்கிறார்கள்.

“மீத்தேனைத் தின்கிற நுண்ணுயிர் ஏன் மின்சாரம் தரணும்?” என்று கண்ணாடிக்காரன் கேட்டான். ரெட்டைச் சடை யோசிக்கவே இல்லை. “சாப்ட்டா கை கழுவணும்லா? மீத்தேனச் சாப்ட்ட பெறகு அது கையில எலக்ட்ரான் ஒட்டிக்கிடும். ஒரு மீத்தேனுக்கு எட்டு எலக்ட்ரான். வெளிய ஆக்சிஜன் இருந்தா அதுல கழுவிடும். சகதிக்குள்ள ஆக்சிஜன் கிடையாது. அப்ப நம்ம கரிக்கம்பிதான் அதுக்கு வாஷ்பேசின்!” நான் கைதட்டிவிட்டேன். ஒத்திகையில் கைதட்டக் கூடாதாம், நடுவர் கண்டித்தார்.

அடுத்து வருவது நாக்கு சுளுக்குகிற இடம். மெத்தனோபெரிடென்ஸ்! மூன்று தடவை தடுமாறி, நான்காம் தடவை மெத்-தனோ-பெரி-டென்ஸ் என்று தாளம் போட்டுத் தாண்டினாள். ஆக்சிஜன் இல்லாமலே மீத்தேனைத் தின்கிற இந்த வகை நெதர்லாந்தில் ஒரு கால்வாய்ச் சேற்றிலிருந்து வளர்த்தெடுத்த கூட்டத்தில் இருந்தது. 2006-இல் அந்தச் செய்தி வெளியானது. 2013-இல் அதற்கு இந்தப் பெயர் வந்தது. 2022-இல் அதே நாட்டின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் இதை மின்முனையில் குடியேற்றிக் காட்டினார்கள். ஊட்டிய மீத்தேனில் 31 சதவீதம் மின்சாரமாக மாறியது. அதற்கு முன்பே 2017-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வுட் குழுவினர் வேறொரு வழியில் போயிருந்தார்கள். மரபணு மாற்றிய ஒரு நுண்ணுயிர் மீத்தேனை அசிட்டேட்டாக மாற்ற, அதை ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா தின்று மின்சாரம் தந்தது. அந்த ஜியோபாக்டர் கூட்டத்தின் முதல் ஆளை டெரெக் லவ்லி 1987-இல் கண்டெடுத்ததும் சேற்றிலிருந்துதான், வாஷிங்டனை ஒட்டி ஓடும் பொட்டோமாக் ஆற்றுச் சேறு.

“எல்லாம் வெளிநாடாவே இருக்கே?” என்றான் கண்ணாடிக்காரன். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி இன்னொரு சார்ட் விரிந்தது. புனேயின் அகார்க்கர் ஆய்வு நிறுவனத்தில் மோனாலி ரகால்கர் குழுவினர் நம் நாட்டு நெல் வயல்களிலிருந்தே மீத்தேன் தின்னும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து வளர்க்கிறார்கள். அதில் ஒன்று வெள்ளரிக்காய் வடிவம்! படம் வரைந்த பையன் அதற்குப் பச்சை வண்ணம் அடித்து, காம்பு வேறு வைத்துவிட்டான். டீச்சர் காம்பை மட்டும் அழிக்கச் சொன்னார். அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 பொங்கலன்று திறக்கப்பட்டது. மல்டிமீட்டர் பையனுக்கு அங்கேதான் வேலைக்குச் சேர வேண்டுமாம். “பஸ்ஸு ரூட்டுகூடப் பாத்து வச்சிருக்கேன்” என்றான். முகத்தில் விளையாட்டே இல்லை.

திடீரென்று மேசை அந்தப் பக்கம் ஒரு கூச்சல். பாட்டில்களுக்கு இவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றின் பெயர் ‘சோம்பேறி’. வைத்த நாளிலிருந்து 5 மில்லிவோல்ட்டைத் தாண்டியதே இல்லை. அதைக் கழுவிக் கவிழ்க்கச் சொல்லி எடுத்தவள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்திருக்கிறாள். மேல் கம்பி நழுவிச் சகதிக்குள் புதைந்து கிடக்கிறது! தண்ணீருக்கு மேலிருந்து வருகிற ஆக்சிஜன் கிடைக்காமல் அது என்ன செய்யும்? கம்பியைத் தூக்கித் தண்ணீர் மட்டத்தில் கட்டினார்கள். எல்லோரும் சூழ்ந்து நின்றோம். 5... 6... 9... ஃபேன் பொடியனும் சுவிட்சை விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டான். 14. “பாவம்லே, நாமதான் சோம்பேறின்னு வஞ்சுட்டோம்” என்றாள் கண்டுபிடித்தவள். பெயர்ச் சீட்டைக் கிழித்து, புதுப் பெயர் என்ன வைப்பது என்று பத்து நிமிஷம் சண்டை. வேலை கிடக்கிறது, யாருக்கும் கவலையில்லை.

இப்போது கண்காட்சியின் உயிரான இடம். ஒரு பையன் வீட்டில் சாண எரிவாயுக் கலன் இருக்கிறது. அங்கிருந்து வாயுவை சைக்கிள் ட்யூப்பில் அடைத்துத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். “அடுப்புக்கே பத்தல, இவனுக்கு ட்யூப்புல வேணுமாம்” என்று அவன் அம்மா திட்டியதை அப்படியே நடித்துக் காட்டுகிறான். அந்த வாயுவில் மீத்தேனோடு வேறு வாயுக்களும் உண்டு. அதனால் முதலில் சுண்ணாம்புத் தண்ணீர் பாட்டில், அடுத்து பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் திணித்த பாட்டில் வழியாக விட்டு, ட்ரிப் போடுகிற குழாயில் மெதுவாக ஒரு சகதி பாட்டிலுக்குள் செலுத்துகிறார்கள். பக்கத்திலேயே அதே சகதி, அதே தண்ணீர், அதே கம்பி. ஆனால் வாயு கிடையாது. சில நாட்களாக இப்படி ஊட்டி வருகிறார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். இன்று காலை வாயு வாங்கியது 42, வாங்காதது 35.

நான் குதித்தேன். டீச்சர் குதிக்கவில்லை. “ஜன்னல் பக்கம் இருக்கிறதால சூடு ஏறி கூட வந்திருக்கலாம்ல?” என்று இரண்டு பாட்டிலையும் இடம் மாற்றி வைக்கச் சொன்னார். சகதியில் நுண்ணுயிருக்கு அழுகின இலை, வேர் என்று தின்பதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. மின்சாரம் எதைத் தின்று வந்தது என்று ஒரு பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஜோடி. சார்ட்டின் தலைப்பில் ‘மாதிரி’ என்ற சொல்லைச் சிவப்பில் எழுதச் சொல்லி, எழுதினார்களா என்று இரண்டு தடவை வந்து பார்த்தார். எனக்கு அந்த டீச்சர் மேல் வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. பரிசு வாங்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் இருக்கிறது. ஆனாலும் 42-ஐ உடனே நம்பிவிடாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

ஏழு மணிக்கு டீ வந்தது, கூடவே ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டியும் வந்தது. கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக். தூக்கிக்கொண்டு வந்தவர் இந்தப் பள்ளியில் படித்துப் போன அக்கா. இப்போது வேளாண்மையில் மேற்படிப்பு, வயலில் மீத்தேன் அளப்பதுதான் வேலை. ஊருக்கு வந்தவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் ஊறுகாய் பாட்டிலின் அருமை எனக்கு முழுசாகப் புரிந்தது.

பயிரின் மேல் பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். அடிச் சட்டத்தில் தண்ணீர் ஊற்றி காற்று புகாமல் அடைக்க வேண்டும். உள்ளே ஒரு குட்டி ஃபேன் சுற்றும். முதலில் ஒன்று, கால் மணி கழித்து ஒன்று, அரை மணி கழித்து ஒன்று என்று சிரிஞ்சில் காற்றை இழுத்துக் குப்பியில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவரை அசையக் கூடாது. காலை மாற்றி வைத்தால் சகதி அமுங்கிக் குமிழி கிளம்பும், கணக்கு கெட்டுவிடும். அதற்காகப் பலகை போட்டு அதன் மேல்தான் நிற்பார்களாம். “கொசு கடிக்கும், அடிக்க முடியாது. அட்டை ஏறும், பாத்துக்கிட்டே நிக்கணும்” என்று பலகையில் நிற்கிற மாதிரி நின்று காட்டினார். பிள்ளைகளும் வரிசையாக அதே மாதிரி நின்று பார்த்தார்கள். மூன்றாவது நிமிஷத்தில் ஒருத்தி தும்மினாள். “போச்சு, ஒரு ஏக்கர் மீத்தேனு போச்சு!” என்றார் அக்கா. அறை அதிர்ந்தது.

அந்தச் சிரிஞ்சுக்குப் பின்னால் நம் நாட்டின் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1990 வாக்கில், இந்திய நெல் வயல்கள் வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுகின்றன என்று அமெரிக்கத் தரப்பில் ஒரு கணக்கு வந்தது. மேலைநாட்டு வயல்களில் அளந்ததை நம் நிலப்பரப்பால் பெருக்கிய கணக்கு. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா முன்னின்று, 1991-இல் பல நிறுவனங்களின் ஆட்கள் நாடு முழுக்க வயலில் இறங்கி அளந்தார்கள். வந்த விடை ஏறக்குறைய 40 லட்சம் டன். பத்தில் ஒரு பங்கு சொச்சம்! யாரோ சேற்றில் நின்று அளந்ததால் ஒரு நாட்டின் தலையில் இருந்த பழி அவ்வளவு இறங்கியது. இதை அக்கா சொல்லும்போது, அத்தனை நேரம் வாய் ஓயாத கூட்டம் டீயை ஆறவிட்டுக் கேட்டது.

ஆனால் சிரிஞ்சோடு ஆள் எத்தனை வயலில் நிற்க முடியும்? ராத்திரி யார் நிற்பது? காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் மீத்தேன் குறையும் என்று விவசாயிகளிடம் சொல்கிறோம். குறைந்ததை அவர் வயலிலேயே காட்ட என்ன வழி? நுண்ணுயிர்க் கம்பி ஒன்று சகதியில் நின்றால் ராப்பகலாக அதுபாட்டுக்கு எண் சொல்லும், செல் மாற்ற வேண்டாம், தன் மின்சாரத்தைத் தானே தரும். ஜப்பானில் இசாவோ கருபே குழுவினர் 1982-லேயே மீத்தேன் தின்னும் பாக்டீரியாவை மின்முனையோடு சேர்த்து ஓர் உணரி செய்தார்கள். பாக்டீரியா ஆக்சிஜனை எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து வாயுவைக் கணித்த கருவி அது. இப்போதைய முயற்சி ஆக்சிஜன் இல்லாத சகதிக்குள்ளேயே போய் உட்கார்ந்து கேட்பது. நிதானமாகத்தான் பேசும், வெயில் ஏறினால் குரல் மாறும், பிற தீனியும் குறுக்கே வரும். தீர்க்க வேண்டியவை நிறைய. அக்கா பிள்ளைகளின் ஜோடி பாட்டிலை ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, “எங்க வயல்ல இப்படி ஒண்ணு பெட்டிக்குப் பக்கத்துலயே வச்சுப் பாக்கணும் டீச்சர்” என்றார். ரெட்டைச் சடை பக்கத்தில் இருந்தவளை இடித்த இடியில் அவள் காராச்சேவு கொட்டியது.

மணி ஒன்பதைத் தாண்டியது. கடைசி சார்ட்டில் ‘நுன்ணுயிர்’ என்று இருந்ததை வாட்ச்மேன் அண்ணாச்சிதான் கண்டுபிடித்தார். எழுதியவள் தலையில் அடித்துக்கொண்டு மேலே காகிதம் ஒட்டித் திருத்தினாள். பெற்றோர் ஒவ்வொருவராக பைக்கில் வந்து வாசலில் ஹாரன் அடிக்கிறார்கள். யாரும் போகிற பாடில்லை. கடைசியாக ஓர் எண் பார்க்க வேண்டுமாம்.

மல்டிமீட்டர் முள் வைக்கப்பட்டது. இடம் மாற்றி வைத்த ஜோடியில் வாயு வாங்காதது 36. வாயு வாங்கியது 41. ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்திய பிறகும் ஐந்து கூட! இப்போது டீச்சரும் சிரித்துவிட்டார். ஆனால் நோட்டுக்காரனிடம் “சூட்டையும் சேத்து எழுது” என்றார். அவன் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதினான். “நாளைக்கு யாரு எந்த பாட்டிலத் தூக்கிட்டு வாரது?” என்று அடுத்த சண்டை ஆரம்பமானது. கண்காட்சி நடக்கிற இடத்துக்கு மடியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், குலுங்கினால் சகதி கலங்கி எண் விழுந்துவிடும். “என் மடில ரெண்டு வச்சுக்கிடுதேன்” என்று நான் கையைத் தூக்கினேன். தேர்வாகிவிட்டேன்! காலை ஏழரைக்குப் பின்வாசலுக்கு வர வேண்டும். வரும்போது ஒரு பழைய துண்டு கொண்டுவரச் சொன்னான் ஃபேன் பொடியன்.